காப்பி வீட்டில் தேயிலை

எங்கள் வீடு மூன்று தலைமுறையாகக் காப்பி வீடு. கொட்டை வறுப்பதில் எங்கள் மாமியாருக்கு இருந்த சிரத்தையைப் பூஜை அறையில்கூட நான் பார்த்ததில்லை. பித்தளை பில்டரில் முதல் டிகாக்ஷன் இறங்கும் வரையில் வீட்டில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் தேயிலைத் தூள் எங்கே இருந்தது தெரியுமோ? அலமாரியின் கீழ்த் தட்டில், கோல மாவுக்கும் பாத்திரம் தேய்க்கும் பொடிக்கும் நடுவே. அது வீட்டு மனிதர்களுக்கான சாமானே அல்ல. பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கு, கதவு செப்பனிட வரும் தச்சருக்கு, குழாய் ரிப்பேர்க்காரருக்கு. அவர்களுக்கென்றே இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் கொல்லை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மாமியார் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. தம்ளர்கள் அங்கேயேதான் இருந்தன. அவற்றை எடுத்து உள்ளே வைக்க எனக்கும் தோன்றவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இந்த வாரம் தேயிலையைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகள். ஜப்பானில் ஒஸாகா நகரத்தில் உத்தியோகம். லீவுக்கு வந்தவள், "பெரியம்மா, இது உங்களுக்கு" என்று ஒரு சின்னத் தகர டப்பாவை நீட்டினாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் டப்பா. திறந்தால் பச்சைப் பசேலென்று ஒரு பொடி. மருதாணிப் பொடி என்று சொன்னால் நம்பியிருப்பேன். "ஊஜின்னு ஒரு ஊர், பெரியம்மா. அங்கே விளையற தேயிலைக்கு ரொம்பப் பேர்" என்றாள்.

தேயிலைதானே! மறுநாள் அவள் எழுந்திருக்கு முன் பாலைக் காய்ச்சி, அந்தப் பொடியில் மூன்று கரண்டி போட்டு, சர்க்கரை சேர்த்து, இரண்டு கொதி விட்டேன். ருசியாக இருக்கட்டுமே என்று இஞ்சி வேறு தட்டிப் போட்டேன். வந்தது குளத்துப் பாசி! என் கணவர் தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது உள்ளுக்குச் சாப்பிடுகிறதா, மேலுக்குத் தடவுகிறதா?" என்று கேட்டார். எழுந்து வந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டாள். அந்த டப்பாவின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதக் காப்பிப் பொடி வாங்கலாமாம்.

அந்தச் சமயம் பாத்திரம் தேய்க்க ஆயா வந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிட்டுப் பழகி, எங்களுக்கும் அவள் ஆயாதான். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தவள், டப்பாவைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள்.

"இது கொழுந்து வாசம்மா. இலையை வாட்டவும் இல்லே, கறுக்க விடவும் இல்லே. பறிச்ச சூட்டோட ஏதோ பக்குவம் பண்ணிட்டாங்க" என்றாள்.

"உனக்கு எப்படி ஆயா தெரியும்?" என்று தங்கை மகள் வியந்தாள்.

"நான் பொறந்ததே தேயிலைக்குள்ளதானே பாப்பா!"

பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை.

ஆயா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, சீனர்களின் ஊலாங், வெள்ளைத் தேயிலை என்று கடைகளில் விதவிதமாய் அடுக்கியிருக்கிறார்களே, இவையெல்லாம் வேறு வேறு செடி என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். எல்லாம் ஒரே செடி. சீனத்தில் சின்ன இலை, அஸ்ஸாமில் பெரிய இலை என்று இரண்டு ரகம் உண்டு, அவ்வளவே. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதல்லவா? அது போலவே பறித்த தேயிலையும் கசங்கினால் காற்றுப் பட்டுக் கறுக்கும். முழுக்கக் கறுக்க விட்டு உலர்த்தினால் நம்முடைய தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். கறுக்கவே விடாமல் உடனே சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. சூடு காட்டுவதிலும் சீனர் ஒரு வழி, ஜப்பானியர் ஒரு வழி. சீனர் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள், ஜப்பானியர் ஆவியில் வேக வைக்கிறார்கள். அதனால்தான் சீனப் பச்சைத் தேயிலையில் லேசாக வறுத்த மணமும், ஜப்பானியத் தேயிலையில் கீரையின் மணமும். என் தங்கை மகள் கொண்டுவந்தது இன்னும் ஒரு படி மேல். பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிகளின் மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்து விடுவார்களாம். பறித்து, ஆவி காட்டி, உலர்த்தி, காம்பு நரம்பு நீக்கிக் கல் இயந்திரத்தில் மாவாக அரைக்கிறார்கள். 'மாச்சா' என்று பெயர். அதைத்தான் நான் இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்தேன்!

பெயர் விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சீனத்தில் பெரும்பாலான இடங்களில் இதற்குச் 'சா' என்று பெயர். தெற்கே பூகியன் கடற்கரையில் மட்டும் 'தே' என்பார்கள். தரை வழியாகப் போன சரக்கோடு 'சா' போய், பாரசீகத்திலும் ருஷ்யாவிலும் வட இந்தியாவிலும் 'சாய்' ஆயிற்று. கப்பலில் டச்சுக்காரர்கள் ஏற்றிப் போன சரக்கோடு 'தே' போய், இங்கிலீஷில் 'டீ' ஆயிற்று. நம்முடைய தேயிலையின் 'தே'யும் அந்தத் துறைமுகத்துச் சீனச் சொல்தான். இலங்கைத் தமிழர் வீட்டில் 'தேத்தண்ணி' என்பார்கள்; மலையாளத்தில் 'சாயா'. தேயிலை கடல் வழி வந்ததா, தரை வழி வந்ததா என்று சொல்லை வைத்தே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

சீனத்தில் எட்டாம் நூற்றாண்டிலேயே லூ யூ என்பவர் தேயிலைக்கென்று ஒரு சாஸ்திரம் எழுதி வைத்தார். எந்த ஊற்றின் தண்ணீர் உசத்தி, கொதி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், கிண்ணம் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்து ஜனங்கள் தேயிலையோடு வெங்காயம், இஞ்சி, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்களாம். லூ யூவுக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. அப்படிக் காய்ச்சியதைச் சாக்கடை நீருக்கு ஒப்பாகச் சொன்னார். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் சேர்க்கலாமாம். பாவம், அன்று காலை எங்கள் அடுப்படிக்கு வந்திருந்தால் மனிதர் மூர்ச்சை போட்டிருப்பார்.

சீனத்துக்குப் போன பௌத்த பிக்ஷுக்கள் மூலம் தேயிலை ஜப்பானுக்குப் போயிற்று. ஏஸாய் என்ற பிக்ஷு 1191-ல் விதை கொண்டு வந்தார் என்பார்கள். தியானத்தில் தூக்கம் வராமலிருக்கக் குடித்தது, நாளடைவில் பிரபுக்களின் ஆடம்பரமாயிற்று. சீனத்துக் கிண்ணம் யாரிடம் அதிகம் என்கிற போட்டி. நம் ஊரில் கல்யாண வெள்ளிப் பாத்திரத்தைப் பரப்பி வைக்கிற மாதிரிதான்.

அந்த டம்பத்தையெல்லாம் உதறியவர் ஸென் நோ ரிக்யூ. 1522-ல் பிறந்தவர். அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் 'தாய்-ஆன்' என்ற தேநீர் அறை இன்றும் கியோத்தோவுக்கு அருகே இருக்கிறது. இரண்டே பாய் அளவு. சுமார் ஆறடிக்கு ஆறடி. மண் சுவர். நம் வீட்டு ஸ்டோர் ரூமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த அறைக்கு வாசல் இரண்டடிக்குச் சற்று மேலான ஒரு சதுரத் துவாரம். எப்பேர்ப்பட்ட பிரபுவானாலும் குனிந்து, முழங்காலிட்டு, தவழ்ந்துதான் உள்ளே வரவேண்டும். இடுப்பில் கத்தியோடு நுழைய முடியாது. அதை வெளியே மாட்டிவிட்டு வரவேண்டும். உள்ளே போய்விட்டால் ஒரே மாதிரித் தரை, ஒரே கிண்ணம். ஒரு கிண்ணத்துக் கெட்டித் தேநீரையே விருந்தினர் ஒருவர் பின் ஒருவராகக் கை மாற்றிக் குடிப்பார்கள்.

என் தங்கை மகள் இந்தச் சிறு வாசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆயா கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடித் தம்ளரில் டீ குடித்துக் கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போலிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ரிக்யூவின் எஜமானன் ஹிதேயோஷி, ஜப்பான் முழுவதையும் கட்டியாண்டவன். அவனோ தங்கத்தகடு பதித்த தேநீர் அறை செய்து வைத்திருந்தான்! அப்பேர்ப்பட்டவனே 1587-ல் கித்தானோ என்ற இடத்தில் ஒரு மகா தேநீர் விழாக் கூட்டினான். குடியானவனானாலும் பாதகமில்லை, கெண்டியும் கிண்ணமும் கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். தேயிலை வாங்க வசதியில்லாதவர் வறுத்த தானிய மாவைக் கரைத்துக் கொண்டாலும் போதும் என்று அறிவிப்பு. பத்து நாள் விழா என்று சொல்லி ஒரே நாளில் முடித்து விட்டான் என்பது வேறு விஷயம். நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1591-ல், அதே ஹிதேயோஷியின் உத்தரவுப்படி ரிக்யூ தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள நேர்ந்தது. எழுபது வயசுக் கிழவரிடம் அப்படி என்ன கோபம் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இப்பொழுது அங்கே தேநீர்க் கலை பயில்கிறவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அது பெரும்பாலும் ஆடவர் சொத்து. பெண் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்த பிறகுதான் நிலைமை மாறிற்று.

ஜப்பான் போதும். கொஞ்சம் குளிரான இடத்துக்குப் போவோம்.

திபெத்தில் காய்கறி அபூர்வம். குளிரோ எலும்பைத் துளைக்கும். அங்கே தேயிலை என்பது கட்டி கட்டியாக, செங்கல் மாதிரி வரும். அதை நெடுநேரம் காய்ச்சி, உயரமான மர உருளையில் ஊற்றி, வெண்ணெயும் உப்பும் போட்டு, மோர் கடைகிற மாதிரி கடைவார்கள். டீ என்று நினைத்துக் குடித்தால் குமட்டும். ரசம், சூப் என்று நினைத்துக் குடித்தால் தேவாமிர்தம் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். விருந்தாளி ஒரு வாய் குடித்ததும் வீட்டுக்காரி மறுபடி நிரப்புவாள். கிண்ணத்தைக் காலி செய்தால் "புறப்படுகிறேன்" என்று பொருள். அந்தச் செங்கல் தேயிலை சீனத்துச் சிசுவான் மலைகளிலிருந்து மனித முதுகில்தான் போயிற்று. தங்கள் உடல் எடைக்கு மேலான சுமையைத் தூக்கி நடந்த கூலிகளில் பெண்களும் உண்டு. சுமையை இறக்கி வைத்தால் மறுபடி தூக்க முடியாது. ஆகவே இரும்பு முனை வைத்த தடியை முதுகுச் சுமைக்கு முட்டுக் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவார்கள். அந்தத் தடி முனைகள் குத்திக் குத்திப் பாறையில் விழுந்த குழிகள் இன்றும் இருக்கின்றன.

நம் காஷ்மீரத்திலும் உப்பு டீ உண்டு. பச்சைத் தேயிலையைச் சமையல் சோடா போட்டுக் காய்ச்சி, ஆற்றி, பால் விட்டால் ரோஜாப்பூ நிறம் வரும். நாங்கள் ஸ்ரீநகர் போயிருந்தபோது கொடுத்தார்கள். நிறத்தைப் பார்த்து ரோஸ்மில்க் என்று நம்பி ஒரே மடக்காகக் குடித்த என் கணவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ருஷ்யாவில் ஸமோவர். அடிப்பகுதியில் கரி கனிய, நாள் முழுவதும் வெந்நீர் தயாராக இருக்கும் பாய்லர். தலைமேல் சின்னக் கெண்டியில் கடும் டிகாக்ஷன். வேண்டியதை ஊற்றி வெந்நீர் கலந்துகொள்ள வேண்டியதுதான். நம் காப்பி முறைதான், பாலுக்குப் பதில் வெந்நீர். சிலர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையே கடித்துக்கொண்டு அதன் வழியே டீயை உறிஞ்சுவார்கள். நம் பக்கத்தில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடிக்கிற பாட்டிமார்களுக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது.

மொராக்கோவில் பச்சைத் தேயிலையோடு கை நிறையப் புதினா, தலை சுற்றுமளவு சர்க்கரை. கெண்டியை உயரத் தூக்கி நுரை வரும்படி ஊற்றுவார்கள். தொன்றுதொட்டு வந்த வழக்கம் போலிருக்கிறதல்லவா? இது அங்கே பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1853-ல் தொடங்கிய கிரிமியா யுத்தத்தால் பால்டிக் பக்கத்துச் சந்தை அடைபட்டுப்போக, இங்கிலீஷ் வியாபாரிகள் தேங்கிய தேயிலையை மொராக்கோவில் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

எங்களைப் போன்ற காப்பிக் குடும்பத்தாரைச் சிந்திக்க வைக்கிற தேசம் துருக்கி. உலகுக்கே காப்பிக் கடையைக் கற்றுக் கொடுத்தவர்கள்! முதல் உலக யுத்தத்துக்குப் பின் சாம்ராஜ்யம் போயிற்று; காப்பி விளைந்த ஏமன் நாடும் போயிற்று. காப்பி விலை ஏறிற்று. கருங்கடல் ஓரத்தில் ரீஸே என்னும் ஜில்லாவில் தேயிலை போட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. இன்று தலைக்கு வருஷத்துக்கு 3 கிலோவுக்கு மேல் தேயிலை குடித்து, உலகிலேயே முதலிடத்தில் இருக்கிறார்கள். இடுப்புச் சிறுத்த கண்ணாடித் தம்ளரில், பால் இல்லாமல். கண்ணாடித் தம்ளர்! அங்கே அதில்தான் மந்திரிக்கும் கொடுக்கிறார்கள்.

பர்மாவில், அதாவது இன்றைய மியன்மாரில், தேயிலையைத் தின்னவே தின்பார்கள். கொழுந்தை வேகவைத்து, மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்க வைத்து, பூண்டு, வேர்க்கடலை, எள், எண்ணெய் சேர்த்துப் பிசைவது. 'லபே' என்று பெயர். முன்னாளில் வழக்கு முடிந்ததும் வாதி பிரதிவாதி இருவரும் லபே தின்றால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். நம் ஊரில் வெற்றிலை மாற்றுகிற மாதிரி.

மலேசியாவில் 'தே தாரிக்' என்றால் இழுத்த டீ. கெட்டிப் பால் சேர்த்து, இரண்டு குவளைகளுக்கிடையே ஒரு கஜ தூரம் இழுத்து ஆற்றுவார்கள். அந்தக் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பெயர். நம் தமிழ் முஸ்லிம்கள் அங்கே போய் நடத்திய கடைகள். 'மாமா' என்று தமிழில் கூப்பிட்டதே பெயராக நிலைத்து விட்டது. பினாங்கில் குடித்தேன். நம் டிகிரி காப்பி ஆற்றுகிறவர்கள் அங்கே பாடம் கற்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் தெருவில் என்னை விட மாட்டார்கள்.

இங்கிலீஷ்காரர்களை விட்டுவிட்டேனே என்பீர்கள். பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்று அவர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் டீ போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதியபோது டீதான் முதலில் என்று அடித்துச் சொன்னார். பாதி தேசம் ஒப்புக்கொள்ளவில்லை. 1784 வரை தேயிலைக்கு அங்கே நூற்றுக்கு 119 என்று வரி. அதை 12½ ஆகக் குறைத்த பிறகுதான் ஏழை வீட்டிலும் டீ தாராளமாகக் கொதித்தது. அந்த டீக்குக் கொடுக்க வெள்ளிக் காசு போதாமல் நம் வங்காளத்து அபினைச் சீனத்தில் விற்றார்கள். சீனர் தடுத்ததும் 1839-ல் சண்டை. மத்தியான பிஸ்கோத்துக்குத் துணையாக ஒரு யுத்தம்!

சீனத்தை நம்பியிருக்கக் கூடாதென்றுதான் அஸ்ஸாமில் தோட்டம் போட்டார்கள். அங்கே சிங்போ மக்கள் அந்தச் செடியை முன்பே அறிந்திருந்தார்கள். நல்ல சரக்கு லண்டனுக்குப் போயிற்று. 1930-களில் உலகச் சந்தை விழுந்தபோதுதான் நம்மிடமும் விற்கலாமே என்று தோன்றியது. விளம்பரக்காரர்கள் ஊர் ஊராய் வந்து இலவசமாய்ப் போட்டுக் கொடுத்தார்கள். பாலைக் கொதிக்க விடாதே, மசாலா போடாதே என்று பாடமும் எடுத்தார்கள். நம் ஜனங்கள் இலவச டீயைக் குடித்தார்கள்; பாடத்தை விட்டுவிட்டார்கள்! இலையை நறுக்கிக் கிழித்து உருட்டும் இயந்திரமும் அதே காலத்தில் அஸ்ஸாமில் வந்தது. அந்தக் குருணையும் தூளும் கொஞ்சம் போட்டாலே நிறைய நிறம் கொடுக்கும், பாலைத் தாங்கும், விலையும் மலிவு. கூலிக்காரருக்குக் கட்டுப்படியான ஒரே சூடான பானம் அதுதான். காப்பி மேல் தட்டுக்கும் டீ கீழ்த் தட்டுக்கும் போன கதை இப்படி.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, ஆயா பாத்திரத்தைக் கழுவியபடியே, "எங்க மலையிலயும் முதல்ல காப்பிதான்மா இருந்திச்சாம். பூச்சி விழுந்து செத்துப் போச்சாம். பெறகுதான் தேயிலை போட்டாங்கன்னு தாத்தா சொல்லும்" என்றாள்.

அதுவும் சரி. இலங்கையின் மலைநாட்டில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருஷத்தில் காப்பி இலையில் துரு நோய் கண்டது. காப்பித் தோட்டங்கள் நாளடைவில் அழிந்தே போயின. நம் திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காப்பி பறிக்கப் போன ஜனங்களே தேயிலை பறிக்க நின்றார்கள்.

ஆயாவின் அம்மா கொழுந்து பறித்தவள். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதற்கு மேல் கிள்ளினால் கங்காணி சத்தம் போடுவான். கூடையின் பாரம் நெற்றியில் கட்டிய கயிற்றில். நிறுவையில் சொன்ன எடை வராவிட்டால் அன்றைக்கு 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள். குடியிருப்பது ஒரே வரிசையாய்க் கட்டிய லயத்தில் ஒற்றை அறை.

"நல்ல தேயிலை குடிச்சிருக்கியா ஆயா?" என்று தங்கை மகள் கேட்டாள்.

"அதெல்லாம் கப்பலுக்குப் போயிடும் பாப்பா. எங்களுக்குக் கடைசித் தூள்தான். ஆனா ஸ்டோர்ப் பக்கம் போனா வாசம் வரும் பாரு, அதுக்குக் காசு கிடையாதே!"

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் வந்த சட்டம் இந்த மலைநாட்டுத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஆயா 1974-ல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினாள். மண்டபம் முகாம், பிறகு எங்கெங்கோ, கடைசியில் சென்னை. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நம் சர்க்கார் 1968-லிருந்து நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது உண்மை. ஆயாவின் அப்பாவுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

அவள் பேசிக்கொண்டே போக எனக்கு 2015-ம் வருஷம் ஞாபகம் வந்தது. மூணாறில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்துவிட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். யூனியன் தலைவர்களான ஆண்களை அருகில் வரவிடவில்லை. அப்போது அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். கேட்ட 20 சதவிகிதத்தைக் கருணைத் தொகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அதை டெலிவிஷனில் பார்த்து, "சபாஷ்" என்று சொன்னவள்தான் நான். ஆயா அன்றும் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்திருப்பாள். கூப்பிட்டுக் காட்டத் தோன்றவில்லையே!

இருக்கட்டும். மிச்சமிருந்த மாச்சாவைத் தங்கை மகளே முறைப்படி கலந்தாள். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீர். அரைக் கரண்டிப் பொடி. மூங்கில் மத்துக்குப் பதில் எங்கள் தயிர் கடையும் சின்ன மத்து. பச்சைத் தேயிலை எதற்குமே தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஆகாது, கசந்து விடும். நான் ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு, பிறகு நாக்கடியில் ஒரு தித்திப்பு. மோசமில்லை. என் கணவர் தம்முடைய பங்கை மரியாதையாக எனக்கே விட்டுக்கொடுத்தார்.

பிறகு ஆயா, "நான் ஒரு பிளேன் டீ போடட்டுமாம்மா?" என்று கேட்டாள். கடையிலிருந்து தூள் அல்லாமல் இலைத் தேயிலை வாங்கிவரச் சொன்னாள். அவள் போட்ட விதத்தை அப்படியே எழுதுகிறேன். பாத்திரத்தை முதலில் வெந்நீர் விட்டுச் சுடவைத்துக் கொட்டிவிட்டாள். ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி இலை. நன்றாகக் கொதிக்கிற தண்ணீரை அதன் மேல் ஊற்றி மூடினாள், அடுப்பில் வைக்கவில்லை. நாலு நிமிஷம். கிளறவே கூடாதாம், பிழியவே கூடாதாம். வடிகட்டி, ஒரு துண்டு இஞ்சி நசுக்கிப் போட்டு, கூடவே கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு வைத்தாள். அவள் அம்மா மலையில் கிடைத்த எதையாவது கடித்துக்கொண்டு குடிப்பாளாம்.

ஒன்று மட்டும் வாசகியருக்குச் சொல்லி வைக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்து டீயோ காப்பியோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்டுவது குறையும். ரத்தச் சோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

ஆயா டீயை நிறம் பார்ப்பதற்காக ஜன்னல் விளிம்பிலிருந்த அந்தக் கண்ணாடித் தம்ளர்களில்தான் ஊற்றினாள். "வெள்ளி, பித்தளையெல்லாம் இதுக்கு வேணாம்மா. கலர் தெரியணும்" என்றாள். செம்புக் காசு நிறத்தில், வெயில் ஊடுருவ மின்னியது. இரண்டு தம்ளர்தான் இருந்தன; மீதிக்கு ஊறுகாய் வந்த கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி எடுத்தோம். சாப்பாட்டு மேஜையில் என் கணவரும் தங்கை மகளும் நானும் உட்கார்ந்தோம். நாற்காலி ஒன்று காலியாக இருந்தது.

"உட்கார், ஆயா" என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். "இருக்கட்டும்மா, எனக்கு வாசப்படிதான் வசதி" என்றாள். பன்னிரண்டு வருஷம் பழகிய வாசற்படி. தங்கை மகள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆயா அதன் நுனியில் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கலாம்" என்றாள்.